நாத்தனார் முடிச்சு

மைசூர், குவெம்பு நகர்
3-11-2025

அன்புத் தங்கை தீபாவுக்கு,

நலமா? நீ போன் தொடமாட்டாய் என்பதால் உலகத்திலேயே உனக்கு மட்டும்தான் கடிதம் எழுதுகிறேன். தையில் எனக்கும் பிரதிபாவுக்கும் கல்யாணம். அவள் இங்கே உன்னோடு பி.யு.சி. படித்தவளாமே! மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டும். உனக்குப் பட்டுப்புடவை எடுத்துவிட்டேன். வராமல் இருந்துவிடாதே.

உன் அண்ணன்,
அருண்ராஜ்

ஹனூர்
9-11-2025

அண்ணா,

யார் செய்தது என்று இத்தனை வருஷம் வீட்டில் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். வகுப்பில் நான் வாய் பிளந்து தூங்கியதைப் படமெடுத்து, 'ஹனூர் எம்மெ' என்று எருமைப் பேர் வைத்து இன்ஸ்டாகிராமில் போட்டது உன் பிரதிபாதான். சிட்டி பஸ்ஸில் ஏறினால் பையன்கள் மாடு மாதிரி கத்துவார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் கத்தினார்கள். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு ஓடி வந்தேன். இன்றைக்கும் யாராவது போனை உயர்த்தினால் கை தானாக முகத்தை மூடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் படமெடுக்கப் போனை உயர்த்தியபோதும் மூடிக்கொண்டேன்; அவர்கள் எழுந்து போனது அதனால்தான்.

அவள் கழுத்தில் நான் முடிச்சுப் போடுவதா? வயிறு எரிகிறது அண்ணா. முதலில் அவள் இங்கே வந்து, தனியாக, என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.

தீபா

மைசூர்
20-11-2025

தீபாம்மா,

படித்துவிட்டு அவளோடு பெரிய சண்டை. பாவம், அழுதுவிட்டாள். நேற்றே "தீபா, ஸாரி கணே" என்று கன்னடத்தில் மன்னிப்பு வீடியோ போட்டுவிட்டாள். உன் பழைய படத்தையும் காட்டி, மனசாரப் பேசியிருக்கிறாள். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்து, என்ன நல்ல மனசு என்று அவளைப் பாராட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் மாமா போனில் பார். சின்ன வயசில் செய்தது, இனி என்ன கோபம்?

அருண்ராஜ்

ஹனூர்
27-11-2025

அண்ணா,

தனியாக வரச் சொன்னேன். அவள் ஊரைக் கூட்டிவிட்டாள். பாராட்டு அவளுக்கு, படம் என்னுடையது.

கடைத்தெருவில் மாதம்மா அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, "ஏங் கண்ணு, அந்த எம்மெங்கறது நீதானா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் அதுவரை ஒருவருக்கும் தெரியாது. ஒளிய எனக்கு இருந்தது இது ஒன்றுதான். இரண்டு பேரும் சேர்ந்து அதையும் பிடுங்கிவிட்டீர்கள்.

அம்மாவும் அப்பாவும் வருவார்கள். மணவறையில் ஐயர் மாப்பிள்ளைக்குத் தங்கை உண்டா என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிடு.

தீபா