வெள்ளியோடு எழும்பாத கப்பல்

நவம்பர் 4, செவ்வாய்

காலில் மாவுக்கட்டு. காதர்பேட்டையில் என் கடைக் குடோனில் பனியன் பேல் மூட்டை அடுக்கின் மேலிருந்து விழுந்தேன். ஆளை ஏற்றாமல் நானே ஏறியது என் கொழுப்பு. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கடையை, அங்கே வேலை பார்க்கும் சாரதாமணி பார்த்துக்கொள்கிறாள். எனக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், எதிரே என் வீட்டுக்காரரின் முதுகு.

அந்த முதுகு கம்ப்யூட்டரை விட்டு நகர்வதில்லை. அருள்செல்வன் பனியன் கம்பெனியில் ஆர்டரைத் தேதிக்கு அனுப்பிவைக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு விண்வெளி விளையாட்டு ஒன்று செய்கிறார். கப்பலில் போய்க் கிரகம் கிரகமாக இறங்க வேண்டுமாம். டிசம்பர் ஒன்றாம் தேதி பழைய வேலைக்கே திரும்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் பிடுங்கிய வாக்கு. முதலாளி செங்கோட்டையனிடம் பேசியதும் நான்தான்.

நவம்பர் 7, வெள்ளி

போரடித்தது. விளையாட்டைக் கொடுங்கள் என்றேன். மேலே நின்று பொத்தானை அழுத்தினால் கிரகத்தில் இருப்பதெல்லாம் பட்டியலாக வருகிறது. இறங்கி, எடுத்து, ஏறினேன். ரேஷன் கடை மாதிரி.

"எல்லாம் மேலயே தெரிஞ்சா எதுக்கு எறங்கணும்?" என்றேன். கம்பெனி கழித்த துணியை லாட் சரக்காக விற்பவன் நல்ல பீஸை மேலே வைத்துத்தான் பேல் கட்டுவான். நடுவில் கையை விட்டு ஒன்றை உருவிப் பார்த்துத்தான் நான் பிழைத்தேன். கிரகமும் அப்படி ஏமாற்ற வேண்டும் என்றேன். வழியில் ஒன்றும் கிடைக்காத வெற்றுச் சமவெளி ஒன்று இருந்தது, அதை எடுத்துவிடவும் சொன்னேன். யார் நடப்பார்?

முதலாவதற்குத் தலையாட்டினார். இரண்டாவதற்குக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

மாற்றிவிட்டார். இப்போது தோண்டித்தான் பார்க்க வேண்டும். மேலே செம்பு, உள்ளே வெறும் உப்பு. நானே ஏமாந்தேன்! ரத்தம் சூடேறியது. நன்றாக இருந்தது.

நவம்பர் 19, புதன்

மாட்டிக்கொண்டேன். தோண்டத் தோண்ட வெள்ளி. மிச்சம் வைக்காமல் ஏற்றினேன். கப்பல் எழும்பவில்லை. இந்தக் கிரகத்துக்கு இழுப்பு அதிகமாம், பாதியை இறக்கினால்தான் கிளம்புமாம். கைக்கு வந்த சரக்கை விட்டுவிட்டு வருகிற ஆளா நான்? வேறு வழி கேட்டேன்.

"நாஞ் சொல்லிப்போட்டா அது உன்ற கிரகமில்ல ரோசு, என்ற கிரகமாப் போயிரும்."

இங்கே கட்டில். அங்கே கப்பல். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறேன். கட்டுக்குள் அரிக்கிறது, சொறியக்கூட வழியில்லை.

நவம்பர் 20, வியாழன்

இறக்க மாட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இந்த வாரமும் ஞாயிறு ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போகவில்லை. பாட்டுச் சத்தம் மட்டும் ஜன்னலில் வந்தது. கடுப்பில் கப்பலை விட்டு இறங்கி நடந்தேன். அந்தச் சமவெளி! அவர் எடுக்கவே இல்லை. இரண்டு சூரியன், அதனால் எனக்கு இரண்டு நிழல். ஒரு சூரியன் இறங்க இறங்க ஒரு நிழல் நீண்டுகொண்டே போய் அழிந்தது. வாங்க ஒன்றுமில்லை, விற்க ஒன்றுமில்லை. ஏன் நடக்கிறேன்? தெரியவில்லை. தட்டில் சோறு ஆறிவிட்டது.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னார்: "பதினெட்டு வருசம் ஷிப்மெண்ட் தேதியத் தவிர ஒண்ணையும் பாக்கலை. அப்ப நெனச்சுக்கிட்ட எடம் அது. எடுக்க மனசு வல்லை."

அந்த ஆபீஸுக்கு ஜன்னல் கிடையாது. எனக்குத் தெரியும் — சாத்தூரிலிருந்து வந்து செக்கிங் வேலைக்கு நான் முதலில் சேர்ந்ததே அங்கேதான். இந்த அறையில் நான் சில வாரம் தாங்கவில்லை. அவர் பதினெட்டு வருசம். திரும்ப அங்கேயே தள்ளுகிறவள் யார்?

நவம்பர் 30, ஞாயிறு

செங்கோட்டையன் போன். காலையில் வேன் அனுப்புகிறாராம். இவர் நாளைக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை முனகாமல்.

"அவரு வரலைங்க," என்றேன்.

"ஏம்மா, நீதான வேல கேட்ட?"

"ஆமாங்க. கேட்டதும் நாந்தான். வேண்டாங்கறதும் நாந்தான்."

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. கருகல் வாசம் வந்த பிறகுதான் இரண்டு பேரும் சட்டையைப் பார்த்தோம்.

கடை வருமானத்தில் குடும்பத்தைத் தள்ளலாம். மாசக் கடைசியில் இழுக்கும். தெரிந்துதான் சொன்னேன்.

டிசம்பர் 1, திங்கள்

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், கட்டு பொங்கல் வரை இருக்கட்டும் என்கிறார். இனியும் இதே கட்டில்.

காலையில் கம்பெனி வேன் நிற்காமல் போனது. இவர் லுங்கியோடு கம்ப்யூட்டர் முன்னால்.

"நட வேகத்தக் கொறைங்க," என்றேன்.

"இன்னுமா? ஆளுக தூங்கிப்போடுவாங்க புள்ள."

"தூங்குறவன் தூங்கட்டும். சமவெளில மட்டும் கொறைங்க."

குறைத்தார். வெள்ளியோடு நிற்கிற கப்பலை அங்கேயே விட்டுவிட்டு நடந்து பார்த்தேன். இப்போது சரி.