நூலகத்துக்கு மேல் மாடியில் செவ்வாய்க்கிழமை

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் பாப்பாவும் நலம்தானே? போன் செய்யாதே என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நீ பேசினா வார்த்தைய கேக்க மாட்டேன்க்கா, நாக்கு குழறுதான்னுதான் கேப்பேன்" என்றாய். அதனால்தான் கடிதம். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நேற்று ஒரு கூட்டத்துக்குப் போனேன். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் கூட்டம். டாக்டரம்மா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகிறது. 'நூலகத்துக்கு மேல் மாடி, செவ்வாய், மாலை ஆறு.' மூன்று தடவை படியேறி மூன்று தடவை இறங்கினேன். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு திறந்திருந்த அறைக்குள் நுழைந்துவிட்டேன்.

"வாங்க, உக்காருங்க" என்றார்கள். ஒருத்தி ஒன்றுமே கேட்காமல் என் தலையைச் சுற்றிக் கட்டுப் போட ஆரம்பித்தாள். வைத்தியம் இப்படித்தான் தொடங்கும் போலிருக்கிறது என்று நானும் அசையாமல் இருந்தேன். கட்டி முடித்ததும், "பதினோரு வருஷமா குடிக்கிறேங்க" என்றேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

அது முதலுதவி வகுப்பு, தம்பி.

வகுப்பெடுத்தவர் கையைப் பிடித்துப் பக்கத்து அறையில் கொண்டுபோய் விட்டார். தலையில் கட்டோடு போய் நின்றேன். அங்கே டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "அடி பலமோ?" என்றார்.

"இல்லீங்க. தப்பான ரூமுக்குப் போயிட்டேன்."

"நாங்கல்லாம் வருஷக்கணக்கா தப்பான ரூம்லதாம்மா இருந்தோம். டீ சாப்பிடுங்க."

சிரித்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் நான் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று தெரியுமா? அங்கே வந்திருந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி பாட்டிலை அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பாளாம். வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ராத்திரி தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான். அடுத்த செவ்வாய் எப்போது வரும் என்றிருக்கிறது.

உன் அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தலைக்கட்டு விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தபோதும் அதே நினைப்பு வந்து, கூட வேலை செய்கிறவன் என்னவென்று கேட்டான். சொல்லவில்லை.

ஆனால் நீ இனிக் குடிக்கமாட்டேன் என்று மூன்று தடவை எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள். மூன்றாவது சத்தியத்துக்குப் பிறகுதான் பாப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மோதினாய். ஒரு வருஷம் ஆகியும் அவளுக்கு இடது கை முழுசாக நீட்ட வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். ஜடை பின்னும்போது முகத்தைச் சுளிப்பாள்.

நீ வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். கூட்டத்துக்குப் போ. போவதை விட்டுவிடாதே.

தம்பி

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாள் தொடாமல் இருந்தேன். இப்போது கூட்டத்தில் டீ போடுவது என் பொறுப்பு. பதினாலு பேருக்கு, அதில் மூன்று பேருக்குச் சர்க்கரை இல்லாமல். கை நடுக்கமும் நின்றுவிட்டது. நான் வேலை பார்க்கும், பல்செட்டு செய்யும் கூடத்தில் மேற்பார்வையாளர் ஒரு முழுப் பல்வரிசையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யார் செஞ்சது?" என்றார். கையைத் தூக்கி, நான்தான் என்றேன்.

இனி மற்றது. ஞாயிற்றுக்கிழமை குடித்தேன். சிக்னலில் பக்கத்துக் காரின் முன் சீட்டில் ஒரு சின்னப் பெண், ஜன்னலில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாப்பா நினைப்பு வந்ததும் நேரே சாராயக் கடைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று டம்ளர். நாலாவதை ஊற்றும்போது டீச்சருக்குப் போன் செய்தேன். அவள் ஈரத் தலையோடு ஓடி வந்து, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சாயங்காலம்வரை கூடவே இருந்தாள்.

நேற்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். யாரும் உச்சுக் கொட்டவில்லை. தபால்காரர் மட்டும், "சரி, இதுலேர்ந்து மறுபடி எண்ணுவோம். டீ கொதிக்குது பாருங்க" என்றார்.

நான் சொல்லாவிட்டால் இது உனக்குத் தெரியப்போவதே இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்சு லேசாக இருக்கிறது, பறக்கிற மாதிரி.

மே 20 அன்று குடும்பத்தாரும் வரலாம் என்று ஒரு கூட்டம் வைக்கிறார்கள். வா என்று கேட்கவில்லை. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

உன் அக்கா

மே 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். பிறகு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பொய் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அதையும் நிறுத்திவிட்டேன். பாப்பாவை உட்காரவைத்து, "அத்தை வெளியூர்ல இல்லடா. குடிப்பழக்கம்னு ஒண்ணு இருக்கு. அதுலேர்ந்து வெளிய வர கஷ்டப்பட்டுட்டு இருக்கா. அன்னிக்கு அத்தை உன்னை ஏத்திட்டுப் போன வண்டி மோதினதும் அதாலதான்" என்றேன்.

இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அங்க அத்தைக்கு யாராவது துணைக்கு இருக்காங்களாப்பா?"

"பதினாலு பேர் இருக்காங்கடா."

"நம்ம வீட்லேர்ந்து யாரு?"

இருபதாம் தேதி ஆறு மணிக்கு மூன்று பேரும் வருகிறோம்.

உன் தம்பி