உப்பு போடாத ரொட்டி

போன் சார்ஜரைத் தேடி அலமாரி டிராயரைக் கிளறியபோது, அந்த வெள்ளை கன்வெர்ட்டர் பிளக் கையில் தட்டுப்பட்டது. குவைத்திலிருந்து நீ கொண்டுவந்த ரொட்டி மெஷினின் தடித்த சதுரக்கால் பிளக் நம் வீட்டுச் சுவரில் நுழையாமல், மாரண்டஹள்ளி எலக்ட்ரிக் கடையில் நீயும் நானும் போய் வாங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது தெரியவில்லை.

"ஏம்மா, கருகற வாசம்கூடவா வரல?" என்று கேட்டபடி வந்த என் மகள், கையிலிருந்ததைப் பார்த்தாள். போய் அடுப்பை அணைத்தாள். அத்தை என்ற சொல்லை இந்த வீட்டில் நாங்கள் இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நீ ஊர் திரும்பிய நாள் நினைவுக்கு வருகிறது. வேனிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது, "துணிமணியெல்லாம் கெடக்கட்டும் அண்ணி, இதை மட்டும் மெல்லமா எறக்குங்க" என்றாய். ரொட்டி சுடும் மெஷின். நீ சமையல் வேலை பார்த்த வீட்டம்மா, விடைபெறும்போது உனக்குக் கொடுத்தது. "தெனமும் தொடச்சு வெச்சது நானுங்க. ஓட்டுனது பூரா அவங்கதான்" என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு அது பெட்டியோடு பீரோ மேல் ஏறிவிட்டது. களியும் சோறும் தின்கிற வீட்டில் ரொட்டிக்கு என்ன அவசரம்?

அடுத்த மழைக்குள் உன் கால்கள் வீங்கின. தர்மபுரியில் டாக்டர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது என்றார். டயாலிசிஸ் தொடங்கியது. உப்பு ஆகாது, கேழ்வரகு ஆகாது, தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும் என்றார்கள். "களி வேண்டாங்கறாங்களே அண்ணி, நான் எந்தூருக்காரின்னு அவங்களுக்குத் தெரியாதாட்ட இருக்குது" என்று பஸ்ஸில் வரும்போது சிரித்தாய். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. உப்பில்லாத சோற்றைப் பிசைவாய், கையைக் கழுவுவாய். வைத்த தட்டு வைத்தபடியே திரும்பி வரும். அதைப் பார்த்துவிட்டு உன் அண்ணனும் சாப்பிடாமல் தக்காளி மண்டிக்குக் கிளம்பிவிடுவார்.

மைதா ரொட்டி சாப்பிடலாம், ஆனால் கடை ரொட்டியில் உப்பு இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாள். அன்றைக்கே நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினேன். நீ கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாய். உன் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு ஆசை.

ஈஸ்ட் நம் ஊர்க் கடைகளில் இல்லை. பாலக்கோட்டில் ஒரு பேக்கரிக்காரரிடம் கெஞ்சி ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். தண்ணீர், எண்ணெய், சர்க்கரை, மாவு, எல்லாவற்றுக்கும் மேலே குழி பறித்து ஈஸ்ட். வீட்டம்மா செய்ததை நினைவிலிருந்து நீ சொல்லச் சொல்ல நான் போட்டேன். மெஷின் உறுமியது. வெகுநேரம் கழித்துத் திறந்தால், உள்ளே அடியில் கூழ், மேலே பொடி மாவு. மாவு பிசைகிற துடுப்பை மாட்டவே மறந்திருந்தோம்! பெட்டியின் மூலையில் அது பத்திரமாகக் கிடந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு உன் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

துடுப்பை மாட்டிச் செய்தபோது மாவு மூடியை முட்டும் அளவு பொங்கி, வெந்து வருவதற்குள் நடுவில் குழிந்து விழுந்தது. மெஷினோடு வந்த புத்தகத்தை நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். "உப்புதான் ஈஸ்ட்டை அடக்கி வெக்குமாம் அண்ணி. உப்பு இல்லாட்டி ஆட்டம் ஆடுமாம், நம்ம வூட்டு ஆளுங்களாட்டம்." ஈஸ்ட்டைக் குறைத்தோம். தண்ணீரைக் குறைத்து, குளிர்ந்த பானைத் தண்ணீராகவே ஊற்றினோம். ஒரு மாலையில் மேல்தோல் பொன்னிறமாக, குழியாமல் ஒரு ரொட்டி எழுந்து நின்றது. நீ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "கோயில்ல நன்மைன்னு அப்பம் வாங்கறமே, அதுல மட்டும் உப்பா இருக்குது?" என்று சொல்லி முதல் துண்டைப் பிய்த்தாய். முழுத் துண்டும் தின்றாய். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

அன்றிலிருந்து தட்டு காலியாகத் திரும்பியது. நீ தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலையும் ஆஸ்பத்திரி நாள்தான். திரும்பி வரும்போது சூடாக இருக்கட்டும் என்று, மாவும் ஈஸ்ட்டும் போட்டு மெஷினில் நேரம் குறித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாய். "கொஞ்சம் சாஞ்சுக்கறேன் அண்ணி, மூச்சு வாங்குது" என்றாய். என் தோளில் தலை வைத்தாய். பாலக்கோடு தாண்டியதும் தூங்கிவிட்டாய் என்று நினைத்து, வெயில் படாமல் முந்தானையால் உன் முகத்தை மறைத்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எழுப்பினேன். கண்டக்டர் ஓடி வந்தார். நான் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உன்னை வண்டியில் கொண்டுவந்து, கதவைத் திறந்தபோது வீடு முழுக்கச் சுட்ட ரொட்டியின் வாசம். அழ வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். "எழவு வூட்டுல யாரு இப்ப ரொட்டி சுட்டது?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். உன் அண்ணன்தான், "அவளுக்குங்க" என்றார். அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தார்.

உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த பிறகு மெஷினைத் திறந்தேன். நாம் செய்ததிலேயே நன்றாக வந்த ரொட்டி அதுதான். தூக்கிப்போட மனம் வரவில்லை. புறக்கடைக்கு எடுத்துப்போய் ஒரு துண்டு வாயில் போட்டேன். அதுவரை நான் அதைக் குழம்பில் தோய்த்துத்தான் தின்றிருக்கிறேன். வெறும் ரொட்டி வாயில் வைக்கவே முடியவில்லை. மென்றால் மண்ணாகச் சுழன்றது. இதையா இத்தனை மாதம், நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக, ஒரு வார்த்தை சொல்லாமல் கடைசித் துணுக்குவரை தின்றாய்?

யாரும் பார்க்காமல் முழு ரொட்டியையும் தின்று முடித்தேன். தொண்டையில் அடைத்த கடைசி வாய் இன்னும் இறங்கவில்லை, கண்ணு.