கட்சால் வரியில் பதினைந்து நிமிடம்

இன்று காலை கட்டுப்பாட்டு அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் உள்ள ரேடியோ விதிகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் புதியதில் தட்டிக்கொண்டிருந்தேன். கட்சால் என்ற வரி வந்ததும் கை ஓடவில்லை. அது நீ எழுதிய வரி.

சுனாமிக்குப் பிறகு சில வருடம் கழித்துத்தான் டிஜிட்டல் ரேடியோ செட்டுகள் வந்தன. கட்சால் தீவில் உங்கள் ரப்பர் தோட்டக் குடியிருப்புக்கு ஒரு ரேடியோ வலை, போர்ட் பிளேரில் எங்களுக்கு ஒரு வலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர்தான் பாலம். யார் குரல் இந்தப் பக்கம் வரலாம் என்பதை விதி சொல்லும், எவ்வளவு நேரம் என்பதை டைமர் சொல்லும். அதைக் கற்றுக்கொள்ள வந்து பத்து நாள் என் வீட்டில் தங்கினாய். என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாய்.

நமக்குள் ஒரே ஒரு சண்டைதான். அவசர வேலை இருந்தால் நாங்கள் பாலத்தை மூடலாம், அது சரி. மூடியது நாங்கள் திறக்கும்வரை மூடியே இருக்கட்டும் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. பதினைந்து நிமிடத்தில் தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்றாய்.

"பந்த் பண்றவனுக்குத் திரும்பத் தொறக்கணும்ங்கிற யாத் இருக்காது மச்சான். தொறக்குற வேலைய மிஷின் பாக்கட்டும்."

சுனாமி முகாமில் உங்கள் செட்டைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொன்னார்களாம். பேசலாம் என்று திரும்ப யாருமே சொல்லவில்லையாம். குடிதண்ணீர் ஒரு நாள் பிந்தி வந்தது என்று நீ சொன்னபோது நான் கீபோர்டை உன் பக்கம் தள்ளினேன். உன் இஷ்டப்படியே எழுதினாய்.

அந்தப் பதினைந்து நிமிடம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருப்பார், பாலம் திறந்துகொள்ளும், உங்கள் ஆள் ஒருவன் "அரே, கோழி கப்பல்ல ஏறிருச்சா?" என்று கத்துவான். அறையே சிரிக்கும், நான் கூனிக்குறுகிப் போவேன். உன்னிடம் புலம்பினால், "வெக்கமா இருந்தா ஸ்பீக்கர கம்மி பண்ணு, ரூல்ல கை வைக்காத" என்பாய்.

கை வைத்தேன். ஒரு கூட்டத்துக்காக, அந்த ஒரு காலைக்கு மட்டும், டைமரை எடுத்துவிட்டுப் பாலத்தை மூடினேன். கூட்டம் நன்றாக நடந்தது. அதிகாரி முதுகில் தட்டினார். கேண்டீனில் மீன் குழம்பு ஊற்றி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். திறக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

மறுநாள் ஒரு கப்பலின் ரேடியோ வழியாக நீ போன செய்தி வந்தது. அதன் பிறகுதான் டைமரைத் திரும்பப் போட்டேன், கம்ப்யூட்டரின் பதிவையும் திறந்து பார்த்தேன். கட்சால் பக்கத்தில் உன் செட்டின் எண். மதியத்திலிருந்து ஐந்து முறை பேசும் பட்டனை அழுத்தியிருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியாகப் பதினைந்து நிமிடம். ஏன் அப்படி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கப்பல் பிடித்துக் கட்சால் வந்தேன். உன் மனைவிதான் சொன்னாள்.

"நெஞ்சு வலின்னாரு. போனும் செத்துக் கெடந்துச்சு. பக்கத்துத் தீவு கமோர்டா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு பசங்க படகத் தள்ளிட்டு நின்னாங்கண்ணே. இவருதான் வேணாம்னாரு. 'லைன மூடி வச்சிருக்கான், பதினஞ்சு நிமிசத்துல தானா தொறந்துக்கும், அவன் ஹெலிகாப்டர் அனுப்பிருவான்'னு சொல்லிச் சொல்லியே உக்காந்திருந்தாரு."

நீ நம்பி உட்கார்ந்திருந்தது உன் வரியை. நான் அதை அழித்திருந்தேன். அடப்பாவி, படகில் ஏறியிருக்கக் கூடாதா? உன்மேல் கோபம் வருகிறது, அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிகிறது.

"அன்னைக்கு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டாள்.

"போர்ட் பிளேர்ல பயங்கர மழை தங்கச்சி. எல்லாம் போயிருச்சு" என்றேன்.

நம் தீவுகளில் மழை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கப்பல் வராததற்கும் போன் எடுக்காததற்கும் அதுதானே காரணம். அவளும் நம்பினாள். "மழைக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க, மனச விட்டுறாதீங்க" என்று என்னைத் தேற்றிச் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

அன்று போர்ட் பிளேரில் நல்ல வெயில்.

இன்று உன் வரியை நீ எழுதியபடியே எழுதி வைத்தேன். அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கட்சால் கப்பல் வரும்போதெல்லாம் ஒரு பை தேங்காய் அனுப்புகிறாள், மேலே 'அண்ணனுக்கு' என்று எழுதி. ஒவ்வொரு முறையும் கப்பல் துறைக்குப் போய்க் கை நீட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன்.