உடைப்பதற்கு நல்ல நேரம்

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் அண்ணனிடமிருந்து "ம்" என்பதற்கு மேல் பதில் வராது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் அச்சகத்தில் போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பள்ளிப் பாடப்புத்தகத்தின் பக்கங்கள் அத்தனையும் அதில்தான். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, நீங்கள் எழுதிய பேக்கப் நிரல் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருந்தது; அதை ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது! அன்றே கம்ப்யூட்டர் அறைச் சாவியை என் கையில் கொடுத்துப் பொறுப்பாளராக்கிவிட்டார். இத்தனை வருஷம் புரூஃப் பார்த்தே கண் பூத்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

இப்போது அந்த நிரலையே தலைகீழாக மாற்றப் போகிறீர்களாம். பழைய பேக்கப் எதையும் புதியது திறக்காதாம்; நான் எடுத்து வைத்ததெல்லாம் வீண். இந்த ஒன்றை மட்டும் அண்ணன் வாயைத் திறந்து சொன்னார். "பிஞ்சு நிரல், சோதித்துப் பார்க்க மட்டும்" என்று நீங்கள் எழுதி வைத்திருந்ததைப் படிக்காமல், வேலை நடக்கிற மெஷினில் போட்டது என் தப்புதான். இருந்தாலும் புத்தகம் அச்சேறும்வரை பொறுக்கக் கூடாதா? "இதை நம்பலாம்" என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள்
வாயாடி

ஏப்ரல் 11

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "ம்" என்றார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

ஏன் மாற்ற நினைத்தேன் என்று சொல்கிறேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வெவ்வேறு இடத்தில் இருந்தால், எப்போதாவது ஒன்றின் பேக்கப் மேலேயே மற்றதை எழுதிவிடுகிறது. வெளியே தெரியவே தெரியாது. சேமிக்கும் முறையையே மாற்றினால்தான் சரியாகும். எங்கள் குழு வெளியிடும் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பில் இந்த நிரலும் சேர்கிறது; அதன் அடுத்த வெளியீட்டுக்கு இந்த மாதக் கடைசியில் கதவைச் சாத்திவிடுவார்கள். அதன்பின் உள்ளே இருப்பது இருக்கிறபடியே ஊர் உலகத்துக்கெல்லாம் போகும். இன்று இந்த நிரலை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் மாற்றினால் எத்தனை பேர் தலையில் இடி விழும்!

ஆனால் நீ கேட்டுவிட்டாய். "இன்னும் சோதிக்க வேண்டும்" என்று குழுவில் சாக்குச் சொல்லி மாற்றத்தைத் தள்ளிப்போட்டுவிட்டேன். வெளியீட்டைக் கவனிக்கும் கறார் மனிதர், "இதெல்லாம் பிஞ்சிலேயே செஞ்சிடணும்" என்று கடுகடுத்தார். கடுகடுக்கட்டும். நீ உன் கோப்புகளுக்கெல்லாம் வேறு வேறு பெயராக வைத்துவிட்டு நிம்மதியாக வேலையைப் பார்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 17

அண்ணி,

எனக்காகவா தள்ளிப்போட்டீர்கள்? படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம், பக்கம் பதித்த ஒரு அச்சுப் பிளேட்டில் வரி மங்கியிருக்கிறது என்று அச்சு ஓட்டுபவர் அதை மெஷினில் மாட்டும் முன்பே தூக்கிப் போட்டார். ஒரு பிளேட் வீண், அவ்வளவுதான். "ஓட விட்டிருந்தா மொத்தமும் குப்பைதான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

நிரல் இப்படியே ஊருக்குப் போனால், முகம் தெரியாத யாரோ ஒருவரும் என்னைப் போலவே "இதை நம்பலாம்" என்று சொல்லிவிட்டு நிற்பார். பெயரை மாற்றி வை என்று எச்சரிக்க அவருக்கு அண்ணி கிடையாதே!

முதலாளியிடம் போய், பேக்கப் எல்லாம் முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதுவரை வேலை நிற்கும் என்று சொன்னேன். "நீதானேம்மா நம்பலாம்னு சொன்ன?" என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். மறுபடி புரூஃப் மேஜைதான். அழுதேன், மறைக்க மாட்டேன். அழுது முடித்து உங்கள் குழுவுக்கு நேராகவே எழுதிவிட்டேன்: இதில் அடிபடப் போகிறவள் நான்தான், பழைய பேக்கப் திறக்காமல் போனாலும் பரவாயில்லை, தயவுசெய்து பழைய முறையை இப்போதே உடையுங்கள் என்று. உங்களைக் கேட்காமல் செய்ததற்குத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

வாயாடி

ஏப்ரல் 29

கண்ணே,

மாற்றம் உள்ளே போய்விட்டது, கதவும் சாத்தியாயிற்று. திங்கட்கிழமை அங்கே வருகிறேன். உங்கள் மெஷின்கள் எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன். முதலாளியிடமும் பேசிப் பார்க்கிறேன். மனம் மாறுவாரா, தெரியாது.

உன்னைத் திட்டவா? பாசம் கண்ணை மறைத்து நான் ஒதுக்கி வைத்ததை, உன் நஷ்டத்தையும் பார்க்காமல் நீ எடுத்துச் செய்தாய். நீ எழுதியதைக் குழுவில் ஒருவர் விடாமல் படித்தார்கள். யாரையும் லேசில் புகழாத அந்தக் கறார் மனிதர் எனக்குப் போன் போட்டு, "யாருங்க அவங்க? இனிமே எதை உடைக்கிறதா இருந்தாலும் அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார்.

"என் நாத்தனார்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை இவ்வளவு கர்வமாக நான் சொன்னதே இல்லை.

உன்
அண்ணி