விரல் இறங்கும்வரை

அன்பு மச்சான் வீரையாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? அங்கேயும் விடியும்முன் பனி இறங்குகிறதா? இருமல் விட்டதா? இங்கே நாங்கள் நல்ல சுகம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ராசாத்தி எழுதுகிறாள். இந்த மழைக்கு நம் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கூரை ஒழுகியது, தோட்டத்துத் துரை தகரம் அனுப்பினார், அதில் பார்... சரி, அந்தக் கதை பிறகு. சொல்ல வந்தது உன் தங்கச்சி மகள் மீனாட்சியைப் பற்றி.

நீ போகும்போது அவள் தொட்டில் பிள்ளை. இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். போன கவ்வாத்துக் காலத்தில், நாங்கள் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்த சமயம், திக்க ஆரம்பித்தது. உன்னைப் போலவேதான். முதல் எழுத்திலேயே நின்று நின்று வரும்.

லயம் சும்மா இருக்குமா? ஒருத்தி வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். இன்னொருத்தி கூழாங்கல்லை வாயில் போடச் சொன்னாள். பிள்ளை விழுங்கிவிட்டால் யார் பதில் சொல்வது? மற்றவர்கள் எல்லாம், நானும்தான், அவள் வாயைத் திறந்ததுமே மீதியை எடுத்துக் கொடுத்தோம். "ச-ச..." என்றால் "சட்டையா? சக்கரையா?" என்போம். எதைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டப் பழகிவிட்டாள். அப்புறம் பேச்சே நின்றது. காய்ச்சல் வந்தால்கூட மூலையில் சுருண்டு கிடப்பாள். எங்கே வலிக்கிறது என்று யாரைப் போய்க் கேட்பது மச்சான்?

உன் தங்கச்சி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எங்கண்ணன் மாதிரியே ஆயிருவாளோன்னு பயமா இருக்குங்க."

"ஆகட்டுமே செல்லம்மா. ஒங்கண்ணனுக்கு என்ன கொறச்சல்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கொத்மலைக்குப் பெண் பார்க்கப் போன கதையை மலை ஏறும்போது தொடங்கினால், இறங்கும்போதுதான் முடிப்பாய். ஒருத்தராவது எழுந்து போனோமா? ஒரு நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி முந்திக்கொண்டு உன் சொல்லை முடிக்க, நீ ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாயே.

"பொ-பொறுங்க கங்காணி. எ-என் பேச்சு. நா-நான்தான் முடிக்கணும்."

பெரட்டே சிரித்தது. கங்காணியும் சிரித்தார். அதற்குப் பிறகு உன் விரல் நின்றால் நாங்கள் எல்லோரும் நிற்போம்.

உன் தங்கச்சி அழுத அன்றைக்கே மீனாட்சியை மடியில் வைத்து அந்தக் கதையைச் சொன்னேன். "ஒன் வெரல் நிக்கிற வரைக்கும் நாங்க வாயத் தொறக்க மாட்டோம் கண்ணு." நம்பவில்லை. ராத்திரி ரொட்டிக்கு முன்னால் விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ரொட்டி ஆறியது. நாங்கள் மூச்சுக் காட்டவில்லை.

"ச-ச-சம்பல் கா-காரம்."

"இம்புட்டு நாள் கழிச்சு வாயத் தொறந்தது என் சம்பலக் கொற சொல்லத்தானாடி?" என்று உன் தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நேற்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். வாத்தியார் பெயர் கேட்டார். "மீ-மீ..." என்றாள். பின்னால் இருந்த பிள்ளைகள் ஆடு மாதிரிக் கத்தின. அவள் பெயர் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் விரலைத் தூக்கினாள்.

"ஒண்ணுக்கா? போயிட்டு வா," என்றார் வாத்தியார்.

இல்லை என்று தலையசைத்தாள். விரல் இறங்கவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா, வருது."

"மீ-மீனாட்சி. ஒ-ஒண்ணுக்கு வரல."

வாத்தியார் சிரித்துவிட்டார். ஆடு கத்தியதுகளும் சிரித்தன. அவளும் சிரித்தாள்.

திக்கல் போகவில்லை மச்சான். போகுமா? உனக்குப் போகவே இல்லையே. ஆனால் வீடு வரும்வரை வாய் ஓயவில்லை அவளுக்கு. இத்தனை நாள் கழித்து நேற்று ராத்திரிதான் நான் அசந்து தூங்கினேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் சொல்லை இனி நான் முடிக்க மாட்டேன். நாளைக்கு அவளைக் கட்டப்போகிறவனையும் முடிக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருசன், மீனாட்சிக்கு அப்பன்,
பெரியசாமி

விட்டுப்போனது அந்தத் தகரக் கதை. துரை லாரியில் அனுப்பியதில் பாதித் தகரம்... இரு, வாசலில் மீனாட்சி கூப்பிடுகிறாள். "அ-அ..." ராசாத்தி, எழுதுவதை நிறுத்தம்மா, விரலைத் தூக்கியிருக்கிறாள், அவள் முடிக்கும்வரை நாம்