மூன்று வருஷமாகத் தெரிந்த ஆள்

கிட்வாய் நகர், புது தில்லி
12-9-1978

சிரஞ்சீவி ரத்தினவேலுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்கத்தாவில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. வீட்டுக்குத்தான் சுகமில்லை. போன ஞாயிறு பகலில் நாங்கள் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தபோது திருட்டு நடந்துவிட்டது. பூட்டை உடைக்கவில்லை. பால் வாங்கி வைப்பதற்காகச் சாவியை எங்கள் பிளாக்கைக் காவல் காக்கும் சௌக்கிதாரிடம் நாங்களே கொடுத்திருந்தோம். அம்மாவின் வெள்ளித் தட்டும், பீரோவில் இருந்த உன் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகள் அத்தனையும் அவனோடு போய்விட்டன. ரேடியோவை விட்டுவிட்டான், அது பாடாது என்பது அவனுக்குத் தெரியும்.

மூக்கன் என்று பெயர் சொன்னான். மே மாதம் வாசலில் வந்து நின்று, அண்ணாச்சி, நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம், ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தீயன்னா இங்கன காவல் வேலை கெடைச்சிரும் என்றான். தில்லியில் நம்மூர்த் தமிழைக் கேட்டதும் நான் இளகிவிட்டேன். இவரை மூன்று வருஷமாக அறிவேன், நன்னடத்தை உள்ளவர் என்று பச்சை மையில் எழுதி, கெஜட்டட் ஆபீசர் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அறிந்தது பத்து நிமிஷம். அதிலும் பாதி நேரம் நான்தான் பேசினேன்.

போலீஸில், அவன் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்திருந்த அந்தக் காகிதத்தையே என் முன் வைத்து, பாபுஜி, மூன்று வருஷமாகத் தெரிந்த ஆள், சாவியும் நீங்கள் கொடுத்தது, அச்சா, இது உங்களுக்குள் ஏதோ தகராறு என்று புகாரை எழுத மறுத்துவிட்டார்கள். சர்ட்டிபிகேட்டில் போட்டோ கிடையாது, திருடனிடம் அதை விலைக்கு வாங்குகிறவன் தன் பெயரை ரத்தினவேல் என்று மாற்றிக்கொண்டால் போதும், எங்கேயாவது இன்ஜினீயராகி விடுவான் என்றும் ஒரு ஹவல்தார் ஆறுதல் சொன்னார். புகார் நகல் இல்லாமல் யூனிவர்சிடி டூப்ளிகேட் தராது, அது இல்லாமல் மாதக் கடைசியில் உன் வேலை நிரந்தரமாகாது. உன் அம்மா, ஆறு மாசத்துல ரிட்டயராகப் போறவுக நான் பொய் எழுதுனேன்னு எழுதிக் குடுப்பாகளா என்று அழுதாள். அவனை எனக்குத் தெரியாது, மூன்று வருஷம் என்று நான் எழுதியது பொய் என்று நேற்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். புகார் பதிவாகிவிட்டது, நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆபீசில் விசாரணை வரும், பென்ஷன் தாமதமாகலாம். அதற்காக நீ கிளம்பி வராதே.

இனி உன் காகிதங்களை நீயே வைத்துக்கொள், யாரிடமும் கொடுக்காதே, என்னிடமும். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். முன்பின் தெரியாதவன் கேட்டதும் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தேன். நீ உன்னுடையதை மூன்று கடிதத்தில் கேட்டும், தபாலில் தொலைந்துவிடும் என்று நான் அனுப்பவில்லை.

தீர்க்காயுசாக இரு. நகலை உடனே யூனிவர்சிடிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு, உன் அப்பா
அய்யாசாமி